சதை வற்றியது சாப்பாட்டுக் குறையால் இல்லை அம்மா

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். நான்கு மாதத்துக்கு முன்னால் பிறைக்கு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது முழங்காலின் வெளிப்பக்கம் பலமாக அடிபட்டது. எலும்பு முறியவில்லை என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து பாதம் தொங்குகிறது, மேலே தூக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. தினமும் முட்டை, கோழி சூப், புரோட்டீன் பவுடர் எல்லாம் கொடுக்கிறேன், ஜிம்முக்கும் போகிறான். தொடை தேறுகிறது, அந்த இடம் மட்டும் தேறவே இல்லை. "உனக்கு முயற்சி பத்தாது" என்று அவன் அப்பா திட்டுகிறார். என் நாத்தனாருக்கு ஸ்ட்ரோக் வந்து இதே மாதிரி பாதம் தொங்கியபோது காலில் ஒட்டிக்கொள்ளும் கரண்ட் மெஷின் உதவியது. அது மாதிரி ஒன்று வாங்கலாமா? பள்ளிக்கூடத்தில் 100 மீட்டர் ஓடியவன், அந்த வேகம் திரும்ப வருமா?

பதில்: அம்மா, முதல் வேலையாக இந்தப் பத்தியை உங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மகனிடம் முயற்சிக் குறைவு எதுவும் இல்லை. பாதத்தைத் தூக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான், மூளை கட்டளையை அனுப்புகிறது, அது முதுகுத்தண்டு வழியாக இறங்கி, தொடையைத் தாண்டி, முழங்கால் வரை ஒழுங்காக வந்தும் விடுகிறது, அதற்கு அப்பால் போக வழியில்லாமல் நின்றுவிடுகிறது. அங்கே நரம்பு அடிபட்டிருக்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாலும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. நாலு மாதமாகக் காலை இழுத்து இழுத்து நடப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாடு, அதற்கு மேல் சோம்பேறி என்ற பேச்சையும் அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

நான் அவனை நேரில் பார்க்கவில்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் டாக்டர் சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது. உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம் விரலை வைத்துக் கொஞ்சம் கீழே இறக்கினால் குமிழ் மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு போகிறது. மேலே காப்பாக வெறும் தோலும் மெல்லிய சதையும்தான். கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலே சிலருக்குப் பாதம் மரத்துப்போவது இந்த நரம்பு அழுந்துவதால்தான். மோட்டாரோடு சாய்ந்து விழுகிறவர்களுக்கு ரோட்டில் முதலில் மோதுகிற இடங்களில் அதுவும் ஒன்று. எலும்பு முறியாமலே நரம்பு மட்டும் நசுங்கலாம், இழுபடலாம், சில வேளை அறுந்தும் போகலாம். பாதத்தை மேலே தூக்கும் முன்பக்கத் தசை, பெருவிரலை நிமிர்த்தும் தசை, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசை எல்லாம் இந்த ஒரு நரம்பை நம்பித்தான் இருக்கின்றன. பாதத்தின் மேல்பக்கம் அவனுக்கு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஆமாம் என்பான்.

சரி, நரம்பு அடிபட்டால் தசை ஏன் வற்ற வேண்டும்? நிறையப் பேர் தசை தனி, நரம்பு தனி, நரம்பு சும்மா உத்தரவு மட்டும் கொடுக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தசை எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், எந்த மாதிரித் தசையாக இருக்க வேண்டும் என்பதையே பெருமளவுக்கு நரம்பிலிருந்து வரும் துடிப்புகள்தான் தீர்மானிக்கின்றன. துடிப்பு நின்றுபோனால் தசையிழை தன்னைத் தானே கழற்ற ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்கும் புரதங்களுக்கு, "இதை உடைத்துவிடு" என்று அடையாளம் குத்தும் வேலையைச் சில நொதிகள் செய்கின்றன. அவற்றில் முக்கியமான இரண்டை 2001-ல் கண்டுபிடித்தார்கள். நரம்பு அறுந்தாலும் சரி, காலை அசையாமல் கட்டிப் போட்டாலும் சரி, இந்த இரண்டும் உடனே பெருகுகின்றன. புரதத்தை உடைக்கும் வேலை இப்படி முழு வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்போது வெளியிலிருந்து புரோட்டீன் பவுடரைக் கொட்டினால் அந்தத் தசைக்கு அதை வாங்கிக் கட்டிக்கொள்ளச் சொல்ல ஆளில்லை.

கோலாலம்பூர் பக்கம் தாடை மெலிய வேண்டும் என்று போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதை யோசித்துப் பாருங்கள். அந்த மருந்து தசையைத் தொடுவதே இல்லை. நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிவராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். நரம்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது, சாப்பாட்டிலும் குறையில்லை, ஆனாலும் மெல்லும் தசை சில வாரங்களில் இளைத்துவிடுகிறது. சில மாதத்தில் மருந்தின் பிடி விட்டதும் நரம்பு மறுபடி பேசுகிறது, தசையும் மெல்ல மெல்லப் பழைய பருமனுக்கு வருகிறது. உங்கள் மகன் காலில் நடப்பதும் இதுவேதான், அளவும் காரணமும்தான் வேறு.

தொடை தேறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குச் சந்தோஷம். விபத்துக்குப் பிறகு ஓடியாடாமல் இருந்ததால் தொடையும் கெண்டைக்காலும் கொஞ்சம் இளைத்திருக்கும். அது பயன்படுத்தாததால் வந்த இளைப்பு. அவற்றுக்குப் போகும் நரம்புகள் நன்றாக இருப்பதால் முட்டையும் கோழியும் ஜிம்மும் அங்கே வேலை செய்யும். முன்பக்கம் வற்றியது நரம்புத் தொடர்பு போனதால் வந்த இளைப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் ஒன்றில்லை. எடை தூக்கினால் தசை வளரும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த எடையை அந்தத் தசையிழையே இழுத்திருக்க வேண்டும், இழுப்பதற்கு நரம்பு அதை எழுப்பியிருக்க வேண்டும். அவன் ஜிம்மில் காலை எவ்வளவு வேலை வாங்கினாலும் அந்த முன்பக்கத் தசை மட்டும் அதில் சேராமல் சும்மா கிடக்கிறது. அதனால் பவுடருக்குச் செலவழிக்கும் காசை நிறுத்துங்கள். நீங்கள் சமைத்துக் கொடுக்கும் சாப்பாடே தாராளம்.

இப்போது கரண்ட் மெஷினுக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

உங்கள் நாத்தனாருக்கு அது உதவியது உண்மையாகவே இருக்கும். ஸ்ட்ரோக்கில் கோளாறு மூளையில். முதுகுத்தண்டிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு முழுசாக, உயிரோடு இருக்கிறது, அதற்கு மேலிருந்து சேதி வருவதில்லை. மெஷின் தரும் மின்துடிப்பு அந்த நல்ல நரம்பைத் தட்டி எழுப்புகிறது, நரம்பு தசையை இழுக்கிறது, பாதம் தூக்குகிறது. 1961-லேயே லிபர்சன் என்ற மருத்துவர் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு நடக்கும்போது பாதம் தூக்க இப்படி ஒரு கருவியைச் செய்து காட்டிவிட்டார். ஆக, மெஷின் தட்டுவது தசையை என்று நாம் நினைத்தாலும் உண்மையில் அது தட்டுவது நரம்பை. உங்கள் மகனுக்கு அடிபட்டது அந்த நரம்பேதான்.

நேராகத் தசையையே தட்டலாமே என்று கேட்பீர்கள். தட்டலாம், ஆனால் நரம்பு இழந்த தசையிழை அவ்வளவு சுலபத்தில் எழும்பாது. வீட்டில் வாங்கும் மெஷின்கள் கொடுக்கும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியில் சுமார் 5,000-ல் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். நரம்புக்கு அது போதும். நரம்பு இல்லாத தசைக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் அதிகமான நீளத் துடிப்பு வேண்டும், அதாவது 500 மடங்கு நீளம். ஆன்லைனில் விற்கும் சாதாரண மெஷின்களுக்கு அந்தத் திராணி கிடையாது. ஆனால் நீங்கள் பட்டையை ஒட்டி சுவிட்சைப் போட்டால் கால் துடிக்கும்! அங்கேதான் ஏமாற்றம். மின்சாரம் பக்கத்தில் பரவி, நரம்பு நன்றாக இருக்கும் கெண்டைக்கால் தசையைத்தான் துடிக்க வைக்கும். துடிக்கிறதே என்று நீங்கள் ஆறுதலடைவீர்கள், வற்றிய தசை அப்படியே கிடக்கும். போதாக்குறைக்குக் கெண்டைக்கால் பாதத்தைக் கீழ்நோக்கி இழுப்பது, அது இறுகினால் தொல்லை கூடத்தான் செய்யும். உணர்ச்சியில்லாத தோலில் சூடு பட்டால்கூட அவனுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

வியன்னாவில் ஹெல்முட் கெர்ன் என்பவரின் குழு, நரம்பு முழுக்கப் போன தொடைத் தசைகளைப் பெரிய பட்டைகளும் நீளத் துடிப்புகளும் வைத்து, பலத்த மின்சாரத்தில், நெடுங்காலம் தூண்டிப் பருமனைக் கொஞ்சம் மீட்டிருக்கிறது. அது அதற்கென்றே செய்த கருவி, நிபுணர் மேற்பார்வையில் நடந்த வைத்தியம். கடையில் ஒரு மெஷினை வாங்கி நாமாகச் செய்து பார்க்கிற காரியம் இல்லை. எனவே இப்போதைக்கு மெஷின் வேண்டாம். நரம்பு திரும்ப வளர்ந்து தசையைத் தொட்ட பிறகு, உங்கள் பிசியோ சொன்னால், அப்போது சாதாரண மெஷினே உதவலாம்.

அப்புறம் அவனுடைய வேகம். ஓட்டக்காரப் பிள்ளை, அவனுக்கு இதில்தான் மனசு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம் உடம்பில் தசையிழைகள் ஒரே ரகம் இல்லை. மெதுவாகச் சுருங்கி நாள் முழுக்கக் களைக்காமல் நிற்பவை ஒரு ரகம். கெண்டைக்காலின் உள்ளே ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசையில் பெரும்பகுதி அதுதான், நாம் நிற்கும்போது விழாமல் பிடித்திருப்பது அது. வெடுக்கென்று சுருங்கிச் சீக்கிரம் களைப்பவை இன்னொரு ரகம், 100 மீட்டருக்கு வேண்டியவை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. இந்த ரகம் பிறவியிலேயே எழுதி வைத்தது, மாறாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1960-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜான் எக்கிள்ஸும் அவருடைய கூட்டாளிகளும் பூனைகளின் காலில் ஒரு காரியம் செய்தார்கள். வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் மெதுவான தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி, ஒன்றை மற்றதோடு மாற்றித் தைத்துவிட்டார்கள். நரம்புகள் வளர்ந்து புதுத் தசைகளைப் பிடித்ததும், மெதுவாக இருந்தது வேகமாகவும் வேகமாக இருந்தது மெதுவாகவும் மாறத் தொடங்கின. தசை தன் சுபாவத்தை நரம்பிடமிருந்து வாங்கிக்கொள்கிறது என்று அன்று தெரிந்தது. (எக்கிள்ஸுக்கு 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது, நரம்பணுக்கள் பற்றிய வேறு ஆராய்ச்சிக்காக.)

நரம்பு எதைக் கொடுத்து மாற்றுகிறது, ஏதாவது ரசாயனத்தையா, துடிப்பையா என்று அப்புறம் பெரிய வாக்குவாதம். 1969-ல் சால்மன்ஸும் வெர்போவாவும் முயலின் வேகத் தசைக்குப் போகும் நரம்பை வெட்டாமல், அதன்மேல் வினாடிக்கு 10 துடிப்பு வீதம் வாரக்கணக்கில் ஓயாமல் கொடுத்தார்கள், வேகத் தசை மெதுவான தசையாக மாறியது. நார்வேயில் லோமோவின் குழு இன்னும் ஒரு படி போனது. எலியின் காலில் நரம்பையே வெட்டிவிட்டு, தசைக்கு நேராக, உள்ளே பொருத்திய மின்கம்பியால் துடிப்பு கொடுத்தார்கள். நரம்பே இல்லாத அந்தத் தசை, மெதுவான துடிப்பை நெடுநேரம் கொடுத்தால் மெதுவான ரகமாகவும், வேகமான துடிப்பைச் சின்னச் சின்ன வெடிப்பாகக் கொடுத்தால் வேக ரகமாகவும் மாறிக்கொண்டது. ஆக, துடிப்பின் தாளம்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. எலிகளில் அளந்து பார்த்தபோது மெதுவான தசையின் நரம்புகள் வினாடிக்குச் சுமார் 20 துடிப்பு வீதம் நாளில் பல மணி நேரம் பேசுகின்றன. வேகமானவை 70, 80 என்று படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டு அடங்கிவிடுகின்றன, நாள் முழுக்கக் கூட்டினாலும் பேசும் நேரம் ரொம்பக் குறைச்சல்.

தசைக்கு இந்தத் தாளம் எப்படிப் புரிகிறது என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் இழைக்குள் கால்சியம் கொஞ்சம் வெளியாகிறது. நெடுநேரம் ஓயாமல் துடித்தால் கால்சியம் மட்டம் கீழே இறங்காமல் நிற்கும், அதைக் கால்சினியூரின் என்ற நொதி உணர்ந்து, இழையின் கருவுக்குள் மெதுவான ரகத்துக்குரிய மரபணுக்களைத் திறக்கச் செய்கிறது. வெடிப்பாக வந்து போகும் துடிப்பில் கால்சியம் ஏறிய வேகத்தில் இறங்கிவிடும், அந்தக் கதவு திறக்காது. இதை 1998-ல் கண்டார்கள், எனக்கு இன்றைக்கும் படிக்கப் படிக்க வியப்பாக இருக்கும் சமாச்சாரம் இது.

இது உங்கள் மகனுக்கு எதற்கு? நரம்பு திரும்பி வரும்போது எல்லா இழைகளும் பழைய நரம்பணுவோடேயே சேர்வதில்லை. முதலில் வந்து சேரும் நரம்பு முனை பக்கத்தில் அநாதையாகக் கிடக்கும் இழைகளையும் கிளை விட்டுப் பிடித்துக்கொள்ளும், பிடிபட்டவை எல்லாம் அதன் ரகத்துக்கே மாறும். ஆரோக்கியமான தசையில் மெதுவானதும் வேகமானதும் கலந்து கிடக்கும், இப்படித் திரும்பி வந்த தசையில் ஒரே ரகம் கூட்டம் கூட்டமாக இருக்கும். முன்பு நிறைய நரம்பணுக்கள் செய்த வேலையைக் குறைந்த நரம்பணுக்கள் செய்வதால் நுணுக்கமாக ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு கொஞ்சம் போகும், சீக்கிரம் களைக்கும், முழுப் பலம் வராமலும் போகலாம். இதைச் சொல்லாமல் மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 100 மீட்டரில் உடம்பை முன்னே தள்ளுவது பிட்டத் தசைகளும் தொடையும் கெண்டைக்காலும், அவற்றின் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கத் தசையின் வேலை, கால் காற்றில் இருக்கும்போது பாதம் தட்டாமல் தூக்கிப் பிடிப்பது, அப்புறம் பாதம் தரையில் இறங்கும்போது பொத்தென்று விழாமல் பிடிப்பது. அது ஓரளவு திரும்பினாலே ஓடலாம். போட்டி வேகம் வருமா என்பதை இன்றைக்கே யாரும் சொல்ல முடியாது. தொடைக்கும் இடுப்புக்கும் அவன் ஜிம்மில் செய்வதை விடாமல் செய்யட்டும், ஓட்டம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், சைக்கிளும் நீச்சலும் போதும்.

இனி நேரக் கணக்கு, இதில் நீங்கள் அசட்டையாக இருக்கவே கூடாது. நரம்பிழை அடிபட்ட இடத்திலிருந்து நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசைக்குள் அது நுழையும் இடம் 10 செ.மீ. தள்ளி என்று வைத்தால், 100 நாள், தொடக்கத்தில் அது கிளம்பவே எடுக்கும் சில வாரங்களையும் கூட்டுங்கள். வெறும் அழுத்தத்தில் மரத்துப்போன நரம்பாக இருந்தால் சில வாரங்களில், மிஞ்சிப் போனால் மூன்று மாதத்தில் தேறியிருக்கும். நாலு மாதம் ஆகிச் சதையும் வற்றியிருப்பதால் உள்ளே இழைகளே சேதப்பட்டிருக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. நரம்பின் உறை முழுசாக இருந்து உள்ளிழைகள் மட்டும் போயிருந்தால் அவை தாமாகவே அதே பாதையில் வளரும், முதல் அறிகுறி இப்போதோ அடுத்த சில வாரத்திலோ தெரிய வேண்டும். நரம்பே அறுந்திருந்தால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் தானாக வராது, அறுவை செய்துதான் இணைக்க வேண்டும். தசையும் என்றென்றைக்கும் காத்திருக்காது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் நரம்பு இல்லாமல் கிடந்தால் அதில் கொழுப்பும் நாரும் ஏறிவிடும், அதற்குப் பிறகு நரம்பு வந்தாலும் பிடித்துக்கொள்ள இழை இருக்காது.

அதனால் இந்த வாரமே ஊசி வைத்துச் செய்யும் நரம்பு-தசைச் சோதனைக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். முன்பே செய்திருந்தால் மறுபடியும் கேளுங்கள். பாதம் அசைவதற்கு முன்பே, நரம்பு தசையைத் தொட்டுவிட்டதா என்பதை அந்த ஊசி காட்டிக்கொடுக்கும். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, ஸ்கேனில் பார்த்தீர்களா, திரும்பி வருவதற்கான அறிகுறி உண்டா, இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் எப்போது அனுப்புவீர்கள்? மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் திறந்து பார்ப்பதுதான் பொதுவான வழக்கம். நீங்கள் ஏற்கனவே அந்தக் காலத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் பணிவாக, ஆனால் விடாமல், இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, கூரான முன்னெலும்புக்கு வெளிப்பக்கமாக உங்கள் இரண்டு விரலை மெல்ல வையுங்கள். முதலில் நல்ல காலில். பாதத்தைத் தூக்கச் சொன்னால் விரலுக்கடியில் கெட்டியாக எழும்பும். அப்புறம் அடிபட்ட காலில் அதே இடம், அதே கட்டளை. பாதம் அசையாவிட்டாலும் விரலுக்கடியில் லேசாக ஒரு விம்மல் தட்டுப்பட்டால், அது நல்ல சேதி, தேதியைக் குறித்து வையுங்கள். அந்தக் குமிழ் எலும்பிலிருந்து கீழ்நோக்கி விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், பாதத்தின் பக்கம் சுரீர் என்று கூச்சம் ஓடும் இடம் மாதத்துக்கு மாதம் கீழே இறங்கினால் நரம்பு வளர்கிறது என்று பொருள். 1915-ல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்ன முறை இது, இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். உருவி விடுகிறவரிடம் கூட்டிப் போனால் அந்தக் குமிழ்ப் பக்கம் அழுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது தசையை வளர்ப்பது இல்லை, நரம்பு வந்து சேரும்போது மூட்டு மடங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று காப்பாற்றுவது. பாதம் எப்போதும் தொங்கினால் குதிகால் நாண் குறுகி இறுகிவிடும், பிறகு நரம்பு திரும்பினாலும் பாதம் மேலே வராது. ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை நீட்டி வைத்து, தன் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடிக்கட்டும், பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அதையே செய்யட்டும். காலை, மதியம், ராத்திரி. பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஸ்ப்ளின்ட் ஷூவுக்குள் போட்டால்தான் நிற்கும், நாமோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள், அதனால் வீட்டுக்குள் இருக்கும் பாதி நாளும் ஸ்ப்ளின்ட் இல்லாமல் டைல்ஸ் தரையில் பெருவிரல் இழுபட நடக்கிறான். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி சுத்தமான ஷூ தனியாக வாங்கிக் கொடுங்கள், பவுடர் காசில் பாதிகூட ஆகாது. வெளியே சிலிப்பர் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தை ராத்திரி ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். சிகரெட் பிடிக்கிறவனாக இருந்தால் நிறுத்தட்டும், நரம்பு வளர்வதை அது கெடுக்கும். பி12 மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பிடட்டும், ஆனால் அது உடம்பில் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் தெளிவாக உதவும், அறுந்த நரம்பை அது இணைக்காது.

விம்மல் தெரிந்த பிறகு நிறையப் பேர் செய்யும் தப்பு, சந்தோஷத்தில் ஒரே நாளில் நூறு முறை தூக்கச் சொல்வது. புதிதாகத் தொடர்பு கிடைத்த இழைகள் சீக்கிரம் களைத்துவிடும். ஒருக்களித்துப் படுத்து, பாதத்தின் எடை எதிர்க்காத நிலையில், ஐந்தாறு முறை மட்டும், பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே முயலட்டும், ஓய்வு, மறுபடி சில மணி நேரம் கழித்து. பலம் கூடும் வரிசையும் நரம்பிலிருந்துதான் தொடங்கும். நல்ல உடம்போடு ஜிம்மில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு கூடுதல் இழைகளை எழுப்பக் கற்றுக்கொள்வதால்தான், சதை போடுவது அதற்கு அப்புறம்.

நரம்பு வராமலே போனால்? அப்போதும் வழி இருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் ஓடும் ஒரு தசைநாணை எடுத்துப் பாதத்தின் மேல்பக்கம் பொருத்தும் அறுவை உண்டு. அந்தத் தசைக்கு வேறு நரம்பு என்பதால் அது உயிரோடு இருக்கும். முன்பு பாதத்தை உள்ளே திருப்பிக்கொண்டிருந்தது, பிறகு மேலே தூக்கப் பழகிக்கொள்ளும். பலர் ஸ்ப்ளின்ட் இல்லாமல் நடக்க இது போதும். ஆனால் கணுக்கால் விறைத்துப்போனவனுக்கு அது கைகொடுக்காது, துண்டு வைத்து இழுக்கும் பயிற்சியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேர்வழியில் நடந்த விபத்தும் அதில் அடங்கும், சிகிச்சைக்கும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் உதவி உண்டு. மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையமே இருக்கிறது, தங்கிப் பயிற்சி எடுக்கலாம். முதலாளி தகவல் கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். போலீஸ் ரிப்போர்ட், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், அன்றைய வேலை நேரப் பதிவு, வீட்டிலிருந்து பிறைக்குப் போகும் வழியைக் காட்டும் சின்ன வரைபடம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவனையே கூட்டிக்கொண்டு போங்கள். நரம்புச் சோதனை அறிக்கை வந்ததும் அதன் நகலோடு மறுபடி எனக்கு எழுதுங்கள், அறுவையா காத்திருப்பா என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதினால் பயிற்சியை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.